நடக்காத கூட்டத்துக்கு ஒரு கையெழுத்து

வாசகர் கேள்வி:

அம்மா, தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் 6 ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் மூத்தவர் ஓய்வு பெற்றதால் சென்ற ஆண்டிலிருந்து துறைத் தலைவர் பொறுப்பும் என்னிடம் வந்துவிட்டது. காலேஜ் கவுன்சில் கூட்டம் ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் உண்மையில் நடக்கிறது. மற்ற நாளெல்லாம் அலுவலக உதவியாளர் மினிட்ஸ் நோட்டை (கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டை) வகுப்பு வாசலுக்கே கொண்டு வருவார், கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அப்படி நான் போட்ட ஒரு பக்கத்தில், இரண்டாம் ஷிப்டு மாலை 5.50 வரை என்று மாற்றிய தீர்மானம் இருந்திருக்கிறது. பென்னாகரம், ஏரியூர் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு பஸ் கிடைப்பது பெரும்பாடு. ஆர்.ஓ. மெஷின் நான்கு மாதமாக ஓடவில்லை, பிள்ளைகள் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். சேர்க்கையின்போது வாங்கிய பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்துக்குக் கணக்கு யாருக்கும் தெரியவில்லை. கேட்டால், "நீங்க புதுசு, முதல்ல பாத்துக் கத்துக்குங்க" என்கிறார் பொறுப்பு முதல்வர். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் நான் சொல்வது சரி என்கிறார்கள். கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கட்டுமா, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு எழுதட்டுமா, இல்லை வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கட்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அரசுக் கல்லூரிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அதில் பெரும்பகுதி கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்தான், கடைசி சில ஆண்டுகள் முதல்வராக. மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் என்பதால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தண்ணீர், பஸ், பணம் எல்லாமே பெரிய விஷயங்கள்தான். ஆனால் என்னை உறுத்தியது வகுப்பு வாசலில் நின்று நீங்கள் போட்ட அந்தக் கையெழுத்து. அதே கையெழுத்தை நானும் போட்டிருக்கிறேன்.

1990களில், நான் புதிதாகத் துறைத் தலைவர் ஆன சமயம். கல்லூரி வளாகத்தில் புளியமரங்கள் நிறைய. நம் பக்கத்தில் பழைய அரசு வளாகம் என்றாலே புளியமரம் இல்லாமல் இருக்காது. மாசி, பங்குனியில் அந்த மகசூலை ஏலம் விட்டுப் பணத்தை அரசுக் கணக்கில் கட்ட வேண்டும். அந்த வருடம் ஏலம் விடாமலேயே தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "ஏலம் கோர எவரும் வராத நிலையில், கவுன்சில் கூட்டத்தில் விவாதித்து ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி நோட்டு என் வகுப்புக்கு வந்தது. கையில் சாக்பீஸ், உள்ளே அறுபது பிள்ளைகள். படிக்காமலே போட்டுவிட்டேன். மூன்று வருடம் கழித்துத் தணிக்கையில் அது மாட்டிக்கொண்டது. அதற்குள் அந்த முதல்வர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். கையெழுத்துப் போட்ட நாங்கள் ஏழு பேர் விளக்கம் எழுதினோம். தொகை பெரிதில்லை. ஆனால் "மேற்படி கூட்டம் நடைபெற்றதா?" என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று எழுதினால் அது பொய். இல்லை என்று எழுதினால், நடக்காத கூட்டத்துக்கு நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள். அந்த ஒரு வரிப் பதிலுக்காக இரண்டு இரவு தூங்கவில்லை.

அரசுக் கல்லூரியில் கவுன்சில் என்பது முதல்வருக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு. 1976ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உதவி பெறும் கல்லூரிகளில் கல்லூரிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அது வேறு, நம்முடையது வேறு. நம் இடத்தில் இறுதி முடிவும் பொறுப்பும் முதல்வருடையவை. ஆலோசனைதானே, நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். ஆனால் முதல்வராக இருந்தவள் சொல்கிறேன்: துறைத் தலைவர் ஒருவர் கூட்டத்தில் "இந்த நேரத்துக்கு ஏரியூர் பஸ் இல்லை" என்று சொல்லி அது மினிட்ஸில் ஏறிவிட்டால், அதைத் தாண்டி உத்தரவு போட எனக்குக் கை வராது. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு வழியில் ஏதாவது ஆனால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். உங்கள் நோட்டில் இப்போது பஸ் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏகமனதான தீர்மானம் மட்டும்தான் இருக்கிறது, அதன் கீழே உங்கள் பெயரும் இருக்கிறது.

அவசரத்துக்குக் கூட்டம் கூட்டாமல், நோட்டை ஒவ்வொருவரிடமும் அனுப்பிச் சுற்றுக்கு விட்டு ஒப்புதல் வாங்குவது வழக்கத்தில் இல்லாததல்ல. நானும் விட்டிருக்கிறேன். அப்படியானால் "சுற்றுக்கு விடப்பட்டு ஒப்புதல் பெறப்பட்டது" என்று எழுத வேண்டும். கூடாத கூட்டத்தைக் கூடியது என்று எழுதக் கூடாது. அடுத்த முறை நோட்டு வரும்போது அலுவலக உதவியாளரை நிற்க வைத்துச் சத்தம் போடாதீர்கள், பாவம், அவர் என்ன செய்வார். "வகுப்பு முடிஞ்சதும் நானே வந்து பாக்கறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். பிறகு அலுவலகத்துக்குப் போய் முழுப் பக்கத்தையும் படியுங்கள். ஆட்சேபம் இல்லாத பொருள் என்றால், "சுற்றில் பார்வையிட்டேன்" என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். ஆட்சேபம் உள்ள பொருளுக்கு, "சுற்றில் பார்வையிட்டேன். பொருள் 3 குறித்துக் கூட்டத்தில் விவாதிக்க வேண்டுகிறேன்." அவ்வளவுதான். நீங்கள் யாரையும் குற்றம் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறீர்கள். இப்படி ஒருவர் எழுத ஆரம்பித்தாலே, அடுத்த நோட்டில் வாசகத்தை மாற்றி எழுதுவார்கள். இதை ஒரு கல்லூரியில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே போட்ட கையெழுத்தை அழிக்க முடியாது. ஆனால் அதைப் பற்றி ஒரு கடிதம் கொடுக்கலாம். சுற்றுக்கு வந்த இன்ன தேதியில் கையெழுத்திட்டேன், நேர மாற்றம் குறித்து அப்போது விவாதம் நடைபெறவில்லை, மாணவியர் ஊர் திரும்புவதில் உள்ள சிரமத்தைப் பிறகு அறிந்தேன், மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன் என்று நான்கு வரி போதும். எழுத வெட்கமாக இருக்கும். இருந்தாலும் எழுதுங்கள். என் ஏலக் கதையில் அப்படி ஒரு கடிதம் என் கோப்பில் இருந்திருந்தால் நான் அந்த இரண்டு இரவும் தூங்கியிருப்பேன்.

அடுத்து, பொருள் நிரல், அதாவது கூட்டத்தின் அஜெண்டா. குறையைச் சொல்வதற்கும் நிரலில் சேர்க்கக் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. "பஸ் இல்லை, தண்ணீர் இல்லை, கணக்கு இல்லை" என்று ஒரே தாளில் ஏழு புகார் எழுதினால், படிக்கிறவருக்கு அது தன் மேல் போட்ட குற்றப்பத்திரிகையாகத்தான் தெரியும். ஒரு கடிதத்தில் ஒரு பொருள் மட்டும். இப்படி: "அடுத்து நடைபெறவுள்ள கவுன்சில் கூட்டத்தின் பொருள் நிரலில், இரண்டாம் ஷிப்டு முடியும் நேரமும் மாணவியர் ஊர் திரும்பும் பேருந்து வசதியும் என்னும் பொருளைச் சேர்த்து உதவுமாறு பணிந்து வேண்டுகிறேன். விவரம் இணைப்பில்." இணைப்புத்தான் முக்கியம். எந்த ஊருக்கு எத்தனை பிள்ளைகள், கல்லூரி ஸ்டாப்பில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது நிற்கிறதா நிற்காமல் போகிறதா, வீடு சேர எத்தனை மணி ஆகிறது என்று வகுப்பு ஆசிரியர்கள் மூலம் ஒரே வாரத்தில் எடுத்துவிடலாம். கடிதத்தைத் தபால் செக்‌ஷனில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள்.

அதற்கு முன்னால் முதல்வர் அறைக்குப் போய் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். "சார், பஸ் விஷயத்தைக் கவுன்சில்ல வெக்கணும்னு ஒரு லெட்டர் குடுக்கறேன், உங்ககிட்ட சொல்லிட்டுக் குடுக்கலாம்னு வந்தேன்" என்றால் போதும். திடீரென்று தபாலில் வந்து விழுகிற கடிதம் யாரையும் முறைத்துக்கொள்ள வைக்கும். அவர் பொறுப்பு முதல்வர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாற்காலி எவ்வளவு குத்தும் என்று எனக்குத் தெரியும். தன் துறை வகுப்பும் எடுக்க வேண்டும், தேர்வு, உதவித்தொகை, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன், நான் முதல்வன் என்று ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் பதிவேற்ற வேண்டும், பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கும் பதில் எழுத வேண்டும். நேற்று வரை கூட உட்கார்ந்து டீ குடித்தவர்கள் இன்று தன் பேச்சைக் கேட்பார்களா என்ற பயம் வேறு. "நீங்க புதுசு" என்று உங்களிடம் சொன்னது தவறுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது திமிரில் வந்ததா, அந்தப் பயத்தில் வந்ததா என்று நேரில் பார்க்கிற உங்களுக்குத்தான் தெரியும். பயம் என்றால் வழி இருக்கிறது. கூட்டம் நடத்த அவருக்கு உதவுங்கள். நிரல் தட்டச்சு செய்து தருகிறேன், குறிப்பு எழுதுகிறேன் என்று நீங்களே கேளுங்கள். மினிட்ஸ் எழுதும் வேலையை யாரும் விரும்பி எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

வாய் திறக்காத சக பேராசிரியர்கள் மேல் கோபப்படாதீர்கள். எட்டுப் பேரில் இரண்டு பேர் போதும். அவர்களிடம் "எனக்கு ஆதரவா பேசுங்க" என்று கேட்க வேண்டாம். ஒருவர் தண்ணீரைப் பற்றி, ஒருவர் கழிப்பறையைப் பற்றித் தனித்தனியே நிரல் கடிதம் கொடுக்கட்டும். பேசப் பயப்படுகிறவர்கள்கூட எழுதிக் கொடுப்பார்கள்.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மனம் கோணாமல் யோசியுங்கள். உங்கள் துறையில் கூட்டம் நடத்துகிறீர்களா? நம் கல்லூரிகளில் பாடச்சுமையில் பெரும்பங்கைத் தாங்குகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். கவுன்சிலில் அவர்களுக்கு இடமில்லை. துறைக் கூட்டத்தில் இடம் கொடுப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, யாருடைய அனுமதியும் வேண்டாம். மாதம் ஒரு நாள், முக்கால் மணி நேரம், எல்லாரையும் உட்கார வைத்து, நிரல் போட்டு, பேசியதை எழுதி, அன்றைக்கே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பஸ் விவரத்தை உங்களுக்குச் சரியாகத் தரப்போகிறவர்களும் அவர்கள்தான், பலர் அந்தப் பிள்ளைகளோடு அதே பஸ்ஸில் வருகிறார்கள். அந்தத் துறைத் தீர்மானத்தை இணைத்துக் கவுன்சிலுக்கு அனுப்பினால், அது ஒரு துறையின் குரலாகப் போகும். "நீங்க புதுசு" என்ற சொல்லும் தானாக வலுவிழக்கும்.

பஸ்ஸுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். பிள்ளைகள் எழுதிக் கொடுத்தால் அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். குழு இருக்கிறதா, யார் யார் உறுப்பினர் என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு இப்படி ஒரு குழு உண்டு என்று வகுப்பில் சொல்வது உங்கள் கடமை. என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவதும் கூடாது. கல்லூரியின் லெட்டர்ஹெட்டில், தடத்தின் பெயர், நேரம், பிள்ளைகள் எண்ணிக்கையோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு முதல்வர் எழுதும் ஒரு கடிதம் பத்து மனுவுக்குச் சமம். அவர்களுக்கும் பஸ்ஸின் நேரத்தை மாற்ற மேலே காட்ட ஒரு காகிதம் வேண்டும். பஸ் வரவே வராது என்று ஆனால், ஷிப்டு நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். அதில் நான் உங்கள் பக்கம். ஏரியூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் எத்தனை பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கும் என்று நமக்குத் தெரியும். இரண்டு நாள் இருட்டி வீடு வந்தால் மூன்றாம் நாள் படிப்பு நிற்கும்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதா என்று முதலில் பாருங்கள். பதிவாகியிருந்தால் ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும், தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் சில இடங்களில் துப்புரவுப் பணியாளருக்கும் இரவுக் காவலருக்கும் சம்பளம் போகிறது, ஆகவே பணம் போன இடம் நியாயமாகவே இருக்கலாம். தெரியாமல் "சாப்பிட்டுவிட்டார்கள்" என்று பேச ஆரம்பிக்காதீர்கள். தணிக்கைக் கணக்கைப் பொதுக்குழுவில் வைக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பெற்றோரும் கேட்கலாம், பணம் அவர்களுடையது. தகவல் உரிமைச் சட்டம் உங்களுக்கும் உண்டு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில், இல்லையென்றால் மேல்முறையீடு. மினிட்ஸ் நோட்டையே நேரில் பார்வையிடக் கேட்கலாம். ஆனால் உள்ளே இருந்துகொண்டு அதை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம் என்பேன். இரண்டு நிரல் கடிதத்துக்கும் பதில் வராமல் போனால் பார்க்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு உங்கள் கல்லூரியில் இருக்கிறதா, அதன் மூன்றாண்டுக் காலம் முடிந்துவிட்டதா, வெளி உறுப்பினர் யார், பெயர்ப் பலகை எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கௌரவ விரிவுரையாளர், தினக்கூலிப் பணியாளர் எல்லாரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். கூட்டமே நடக்காத கல்லூரியில் இந்தக் குழுவும் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். உங்களுடைய நிரல் கடிதங்களில் ஒன்று இதற்காக இருக்கட்டும்.

கலெக்டர் ஆபீஸ் மனுவும் தனிப்பிரிவும் உங்களுக்கான வழி இல்லை. நீங்கள் அரசு ஊழியர். நடத்தை விதிகள் இருக்கின்றன, அலுவலக விஷயம் உரிய வழியாகப் போக வேண்டும். தனிப்பிரிவுக்குப் போகிற மனு சுற்றிச் சுற்றி, அறிக்கை கேட்டு உங்கள் முதல்வர் மேசைக்கே திரும்பி வரும். அதற்குப் பிறகு அந்த அறையில் உங்களோடு யாரும் பேச மாட்டார்கள். உள்ளே எழுதியதற்கு ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால், தருமபுரியிலேயே கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. முதல்வர் வழியாகவே அங்கு எழுதுங்கள், முத்திரை வாங்கிய நகல்களை இணையுங்கள்.

மாறுதல் வந்துவிடும், மெமோ வந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருப்பார்கள். வராது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. நிரலில் ஒரு பொருளைச் சேர்க்கக் கேட்டதற்காக 17(பி), அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கொடுப்பது லேசில்லை. மெமோ வந்தால் கெடு தேதிக்குள், கோபம் இல்லாமல், எழுத்தில் பதில் கொடுங்கள். வாயால் சொன்ன பதில் பதிலாகாது. சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் வரைவைக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

கடைசியில் எழுதினாலும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது தண்ணீர். அதற்குக் கவுன்சில் கூடும்வரை காத்திருக்கக் கூடாது. நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லில் பழுப்புக் கறையோடு வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தண்ணீரும் வந்தது. வீட்டில் காவிரித் தண்ணீர் குடிக்கிற பிள்ளை கல்லூரிக்கு வந்து போர் தண்ணீர் குடிப்பது என்ன நியாயம்? உங்கள் வளாகத்துக்கு அந்த இணைப்பு இருக்கிறதா, இருந்தும் சின்டெக்ஸ் தொட்டியில் போர் தண்ணீரோடு கலக்கிறார்களா என்று பிளம்பரிடம் கேளுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொதித்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

நல்ல மனது உள்ளவர்கள் யாராவது ஆர்.ஓ. மெஷின் வாங்கித் தருவார்கள், திறப்பு விழா நடக்கும். ஃபில்டர் மாற்றவும் மெம்பிரேன் மாற்றவும் பணம் எந்தத் தலைப்பில் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதி ஆனதும் மெஷின் சாமான் அறைக்குப் போகும். உங்கள் கடிதத்தில் "மெஷினைச் சரிசெய்ய வேண்டும்" என்று மட்டும் எழுதாமல், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எந்த நிதியில் என்பதையும் கேளுங்கள். இன்னொன்று, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். அது வராத கல்லூரியில் பெண் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருப்பார்கள். நீர்க்கடுப்பு என்று வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் நீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. மாதிரி அனுப்பப் போகிறோம் என்று முதல்வரிடம் சொல்லி, அவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். இதற்கு மறுப்புச் சொல்கிற முதல்வரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் குடிக்கிற குழாயிலேயே பிடியுங்கள். இரண்டு நிமிடம் தண்ணீரை ஓட விட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். ஃபுளோரைடு பார்க்கக் கண்ணாடி பாட்டில் வேண்டாம். எந்தக் குழாய், என்ன தேதி, எத்தனை மணி என்று மேலே ஒட்டுங்கள். முடிவு வந்ததும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றைத் தாண்டினாலே யோசிக்க வேண்டியதுதான், ஒன்றரை என்பது வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும் அனுமதித்த அளவு. தாண்டியிருந்தால், அன்றைக்கே அந்தக் குழாயில் "குடிக்க அல்ல" என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பரிசோதனை முடிவின் நகலை வைத்து இரண்டாவது நிரல் கடிதத்தைக் கொடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகோதரி
(ஓய்வு பெற்ற அரசுக் கல்லூரி முதல்வர், கிருஷ்ணகிரி)